இரண்டு 4 டிபி வட்டுகள், ஒரு பழைய கணினி: மிரர் முதலில் வேண்டாம்

கேள்வியை முதலில் சுருக்கித் தந்துவிடுகிறேன். 8 ஜிபி ரேம் உள்ள பழைய மேசைக் கணினி ஒன்றில் டெபியன் 13 என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவி, குடும்பப் புகைப்படங்கள், ஆவணங்கள், கொஞ்சம் திரைப்படங்கள் ஆகியவற்றை வைத்துக்கொள்ள ஒரு வீட்டு சர்வர் அமைக்கிறீர்கள். இயங்குதளத்துக்குச் சிறிய எஸ்எஸ்டி ஒன்றும், தரவுக்குப் புதிய 4 டிபி ஹார்டு டிஸ்க் இரண்டும் இருக்கின்றன. வட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் கோப்பு முறைமைகளான இஎக்ஸ்டி4, பட்டர்எஃப்எஸ், இசட்எஃப்எஸ் ஆகியவற்றில் எதைத் தேர்வது, பிகேஷ்எஃப்எஸ் என்ற புதிய கோப்பு முறைமை லினக்ஸின் மையநிரலான கெர்னலிலிருந்து நீக்கப்பட்ட செய்தியைப் பார்த்த பிறகு புதிய கோப்பு முறைமைகளை நம்பலாமா, ஒரே தரவு இரண்டு வட்டிலும் ஒரே நேரத்தில் எழுதப்படும்படி மிரர் செய்துவிட்டால் தனியாக பேக்கப் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருப்பதால் யுபிஎஸ் வாங்கவில்லை என்பதையும் குறிப்பிட்டிருக்கிறீர்கள்.

கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் மற்றவற்றுக்கான விடை அதைப் பொறுத்தே அமைகிறது. இப்போதைக்கு இரண்டு வட்டுகள்தான் வாங்க முடியும் என்றால் அவற்றை மிரர் செய்யாதீர்கள். ஒன்றை சர்வரில் வையுங்கள், மற்றொன்றை பேக்கப்புக்கு ஒதுக்கி, முடிந்தால் வேறொரு வீட்டில் வையுங்கள். மூன்றாவது வட்டு வாங்கும் நாளில் மிரரைப் பற்றி யோசிக்கலாம்.

மிரர் காப்பாற்றுவது ஒரே ஒரு விபத்திலிருந்துதான்: இரண்டு வட்டுகளில் ஒன்று செத்துப்போவது. தவறான கோப்புறையில் நீக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டால் அது இரண்டு வட்டிலும் ஒரே நொடியில் நிறைவேறும். கோப்பு முறைமையில் பிழை இருந்தால் இரண்டிலும் கெடும். கணினிக்குள் இருக்கும் மின்வழங்கியான எஸ்எம்பிஎஸ் பழுதாகி மின்னழுத்தம் எகிறினால், ஒரே பெட்டியில் ஒரே கம்பியில் தொங்கும் இரண்டு வட்டுமே சேர்ந்து போகக்கூடும். திருட்டு, தண்ணீர், மறையாக்கிப் பணம் கேட்கும் தீநிரல் ஆகியவற்றுக்கும் இதே கதைதான். மிரரால் கிடைக்கும் உண்மையான பயன், வட்டு செத்தாலும் சேவை நிற்காமல் ஓடுவது. ஒரு அலுவலகத்துக்கு அது பெரிய விஷயம். வீட்டில் இரண்டு நாள் படம் பார்க்க முடியாமல் போனால் யாருக்கும் நட்டமில்லை, பத்து வருடப் புகைப்படங்கள் போனால்தான் நட்டம். அதனால் இருக்கும் பணத்தை முதலில் இரண்டாவதைத் தடுக்கச் செலவழிப்பதே சரி என்பது என் கருத்து.

பெரிய நிறுவனங்கள்கூட இந்த இடத்தில் இடறியிருக்கின்றன. 2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் நிரல்களைச் சேமித்துப் பகிரும் சேவை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில், இரண்டாம் நிலை தரவுத்தள சர்வரில் இருக்கிறோம் என்று நினைத்த ஒரு பொறியாளர் முதன்மை சர்வரின் தரவுக் கோப்புறையை நீக்கத் தொடங்கினார். நிறுத்தும்போது ஏறத்தாழ 300 ஜிபி தரவில் 4.5 ஜிபிதான் மிஞ்சியிருந்தது. அதன் பிறகுதான் ஒவ்வொரு பேக்கப்பாகத் திறந்து பார்த்தார்கள். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளிலிருந்து தினசரி எடுக்கப்பட வேண்டிய டம்ப் எனும் முழுப் பிரதி, தரவுத்தளம் 9.6 பதிப்பில் இருக்க, 9.2 பதிப்பின் கருவியைக்கொண்டு ஓடியதால் நெடுநாளாகத் தோல்வியுற்றுக்கொண்டிருந்தது. தோல்வியை அறிவிக்க வேண்டிய மின்னஞ்சல்கள் சரிபார்ப்பு அமைப்பு இல்லாததால் பெறும் சர்வரில் நிராகரிக்கப்பட்டன. கிளவுட் வட்டுகளின் அந்தநேர நிலையைப் பிடித்து வைக்கும் ஸ்னாப்ஷாட் வசதி தரவுத்தள சர்வர்களுக்கு இயக்கப்படவே இல்லை. கடைசியில் அவர்களைக் காப்பாற்றியது, வேறு வேலைக்காக அந்தப் பொறியாளரே ஆறு மணி நேரத்துக்கு முன்பு கையால் எடுத்து வைத்திருந்த ஒரு எல்விஎம் (லினக்ஸின் வட்டு மேலாண்மை வசதி) ஸ்னாப்ஷாட். இதையெல்லாம் அந்த நிறுவனமே ஒளிவுமறைவின்றி எழுதி வெளியிட்டது. சர்வரை வீட்டில் நடத்தும் எவரும் நேரம் ஒதுக்கிப் படிக்க வேண்டிய அறிக்கை அது.

இனி கோப்பு முறைமைக்கு வருகிறேன். 2008 டிசம்பரில் கெர்னல் 2.6.28-இல் நிலையானதாக அறிவிக்கப்பட்ட இஎக்ஸ்டி4 மிக நம்பகமானது, எந்த மீட்புக் கருவியும் அதைப் படிக்கும். ஆனால் அது கோப்பின் பெயர், இடம் போன்ற தன் உள்கணக்குகளுக்கு மட்டுமே செக்சம் எனும் சரிபார்ப்பு எண்ணை வைக்கும், உங்கள் கோப்பின் உள்ளடக்கத்துக்கு வைக்காது. வட்டு ஒரு செக்டரைப் படிக்க முடியவில்லை என்று சொல்லிவிட்டால் எல்லாக் கோப்பு முறைமைகளுக்கும் அது தெரியும். வட்டு எதுவும் சொல்லாமல் தவறான தரவைக் கொடுத்தால் இஎக்ஸ்டி4 அதை அப்படியே உங்களிடம் நீட்டும். இது எப்போதோ நடக்கும் அதிசயம் என்று சிலர் ஒதுக்கிவிடுவதுண்டு. 2008-இல் சேமிப்புத் தொழில்நுட்பத்துக்கான ஃபாஸ்ட் மாநாட்டில் வெளியான ஓர் ஆய்வு, சேமிப்பு நிறுவனம் ஒன்றின் வாடிக்கையாளர்களிடம் இருந்த 15.3 லட்சம் வட்டுகளை 41 மாதங்கள் கவனித்து, 4 லட்சத்துக்கும் மேற்பட்ட செக்சம் பொருந்தாமைகளைப் பதிவு செய்தது. விலை குறைந்த சாட்டா வட்டுகளில், உயர்ரக வட்டுகளைவிட இது பல மடங்கு அதிகமாக இருந்ததையும் அதே ஆய்வு காட்டியது. நாம் வாங்குவது அந்த முதல் வகையைத்தான்.

இந்த இடத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. பல வட்டுகளை ஒன்றாக இணைக்கும் முறைதான் ரெய்டு. லினக்ஸின் பழைய எம்டி மென்பொருள் ரெய்டில் இஎக்ஸ்டி4 வைத்து மிரர் செய்தால், மாதாந்தரச் சோதனையில் இரண்டு வட்டுகளும் ஒரு இடத்தில் வேறுபடுகின்றன என்பதைக் கண்டுபிடிக்க முடியும், ஆனால் எது சரி என்று சொல்ல அதனிடம் ஆதாரம் கிடையாது. சரிசெய்யச் சொன்னால் ஒரு பக்கத்தைப் பார்த்து மறுபக்கத்தை எழுதிவிடும், அந்தப் பக்கம் கெட்டதாகவும் இருக்கலாம். பேக்கப் விஷயத்திலும் இதேபோல் ஒரு சிக்கல் இருக்கிறது. பேக்கப் கருவிகள் பொதுவாக அளவும் நேரமும் மாறாத கோப்பை மீண்டும் திறந்து படிப்பதில்லை, ஆகவே வட்டில் ஒரு புகைப்படம் அழுகிவிட்டாலும் அந்த அழுகல் உடனே பேக்கப்புக்குப் போய்ச் சேராது. நான்கைந்து வருடம் கழித்து வட்டை மாற்றும்போதுதான் வினை: இருப்பது முழுவதையும் புதிய வட்டுக்கு நகலெடுத்து, பேக்கப்பையும் புதிதாகத் தொடங்கி, பழையதை அழித்துவிடுவீர்கள். அந்த நொடியில் நல்ல பிரதி உலகத்திலிருந்தே போய்விடுகிறது. செக்சம் உள்ள கோப்பு முறைமையாக இருந்தால், அந்தக் கோப்பைப் படிக்கும்போதே உள்ளீடு வெளியீட்டுப் பிழை என்று நின்றுவிடும், எந்தக் கோப்பு என்பதும் உங்களுக்குத் தெரிந்துவிடும். நீங்கள் பேக்கப்பிலிருந்து அந்த ஒரு கோப்பை மட்டும் எடுத்து வைத்துவிடலாம். ஒற்றை வட்டில் செக்சம் எதற்கு, திருத்த முடியாதே என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். எங்கே கெட்டது என்று தெரிவதே பாதி வேலை, மீதி பாதியை பேக்கப் பார்த்துக்கொள்ளும்.

ஆகவே போட்டி பட்டர்எஃப்எஸ்ஸுக்கும் இசட்எஃப்எஸ்ஸுக்கும் இடையில்தான். இசட்எஃப்எஸ் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் உருவாகி, 2005-இல் ஓப்பன்சொலாரிஸ் வழியாகத் திறமூலமானது. ஆரக்கிள் 2010-இல் சன்னை வாங்கிய பிறகு அங்கே கதவு மூடப்பட்டது, வெளியே இருந்தவர்கள் 2013-இல் ஓப்பன்இசட்எஃப்எஸ் திட்டமாகத் திரண்டார்கள். லினக்ஸுக்கான வடிவம் அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வகத்தில் வளர்ந்தது. தரத்தில் அதற்குக் குறை சொல்ல ஏதுமில்லை. சிக்கல் உரிமத்தில் இருக்கிறது. அதன் சிடிடிஎல் உரிமமும் கெர்னலின் ஜிபிஎல் உரிமமும் சேராது என்று பலர் கருதுவதால், அது கெர்னலுக்குள் வராமல் பிறகு இணைக்கப்படும் தனி மாட்யூலாகவே நிற்கிறது. உபுண்டு 16.04 முதல் அதைத் தொகுத்தே கொடுக்கிறது. டெபியன் அப்படிச் செய்வதில்லை, கான்ட்ரிப் எனும் துணைப் பிரிவில் மூலநிரலாகத் தந்து, ஒவ்வொரு கெர்னல் புதுப்பிப்பின்போதும் உங்கள் கணினியிலேயே டிகேஎம்எஸ் என்ற கருவி மூலம் தொகுக்க வைக்கிறது. டெபியனின் நிலையான கெர்னலோடு இருக்கும்வரை இது பெரும்பாலும் தொல்லை தராது. புதிய வன்பொருளுக்காக பேக்போர்ட்ஸ் எனும் பிரிவில் உள்ள புதிய கெர்னலுக்குத் தாவினால், மாட்யூல் தொகுபடாமல் சர்வர் தரவு வட்டே இல்லாமல் எழுந்து நிற்கும் காலை ஒன்று என்றாவது வரும். கெர்னல் உருவாக்குநர்களும் இதற்காகக் கவலைப்பட மாட்டார்கள்: 2019-இல் வந்த கெர்னல் 5.0-இல் ஒரு உள்செயல்பாட்டை ஜிபிஎல் மாட்யூல்களுக்கு மட்டும் என்று மாற்றியதில், இசட்எஃப்எஸ்ஸின் செக்சம் கணக்கீடு செயலியின் வேகவழிகளைச் சிலகாலம் இழந்தது.

8 ஜிபி ரேம் போதாது என்று உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். ஒரு டிபிக்கு ஒரு ஜிபி ரேம் என்ற அந்த வாய்பாடு எங்கிருந்தோ ஒட்டிக்கொண்டது. இசட்எஃப்எஸ் கிடைக்கும் ரேமைத் தன் தற்காலிகச் சேமிப்புக்கு எடுத்துக்கொள்ளும், கேட்டால் விட்டுக்கொடுக்கும், உச்ச வரம்பை நீங்களே 2 ஜிபி என்று வைத்தாலும் வீட்டுத் தேவைக்கு ஓடும். டீடூப் எனப்படும் இரட்டிப்பு நீக்கத்தை மட்டும் தொடாதீர்கள், ரேமை விழுங்குவது அதுதான்.

பட்டர்எஃப்எஸ்ஸை 2007-இல் ஆரக்கிளில் இருந்தபோது கிறிஸ் மேசன் தொடங்கினார். 2009-இல் கெர்னல் 2.6.29-இல் சேர்ந்தது. அதற்குக் கெட்ட பெயர் கொஞ்சம் உண்டு, அதில் பாதி நியாயமானது. ரெய்டு 5, ரெய்டு 6 அமைப்புகளில் எழுதும்போது மின்சாரம் போனால் செத்த வட்டின் தரவை மீட்க உதவும் சமநிலைத் தகவல் குழம்பும் குறைபாடு இன்றும் இருக்கிறது, முக்கியமான தரவுக்கு அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று அதன் ஆவணங்களே எச்சரிக்கின்றன. லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹேட் 2017-இல் தன் ஆர்எச்இஎல் இயங்குதளத்தின் 7.4-ஆம் பதிப்பில் அதைக் கைவிடுவதாக அறிவித்து, 2019-இல் வந்த 8-ஆம் பதிப்பில் நீக்கியே விட்டது. மறுபக்கம், ஃபெடோரா 2020-இல் 33-ஆம் பதிப்பிலிருந்து மேசைக் கணினிகளுக்கு அதையே இயல்பானதாக்கியது, ஓப்பன்சூஸே அதற்கும் முன்பே 2014-இல் மாறியிருந்தது. நாஸ் எனப்படும் வீட்டு வலையமைப்புச் சேமிப்புப் பெட்டிகள் விற்கும் சினாலஜி, பட்டர்எஃப்எஸ்ஸின் சொந்த ரெய்டைத் தொடாமல் எம்டி ரெய்டின் மேல் அதை வைத்துத் தருகிறது. எந்தப் பகுதி உறுதியானது, எந்தப் பகுதி அப்படியல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

உங்கள் நிலைமைக்கு நான் சொல்வது பட்டர்எஃப்எஸ். ஒற்றை வட்டில், ரெய்டு 5 இல்லாமல், கெர்னலோடு கூடவே வரும் ஒரு கோப்பு முறைமை. எந்தப் புதுப்பிப்பும் அதைக் காணாமல் போக்காது, பெரும்பாலான லினக்ஸ் லைவ் யுஎஸ்பிகளிலிருந்து திறக்கலாம். ஒற்றை வட்டிலும் அது தன் உள்கணக்குகளை இயல்பாகவே இரண்டு பிரதிகளாக வைக்கிறது, கோப்புகளின் உள்ளடக்கத்தை மட்டுமே ஒரு பிரதியாக வைக்கிறது. பிராக்ஸ்மாக்ஸ் போன்ற, இசட்எஃப்எஸ்ஸைத் தானே பொறுப்பெடுத்துத் தரும் இயங்குதளத்தை நீங்கள் தேர்ந்திருந்தால் என் விடை மாறியிருக்கும்.

மூன்று விஷயங்களில் கவனம் வேண்டும். வட்டை விளிம்புவரை நிரப்பாதீர்கள், பத்துப் பதினைந்து சதவீதமாவது காலியாக இருக்கட்டும், நிரம்பிய பட்டர்எஃப்எஸ்ஸில் கோப்பை நீக்குவதற்கே இடம் இல்லை என்று முரண்டு பிடிக்கும் நிலை வரலாம். ஏதாவது கெட்டுவிட்டால் பதற்றத்தில் அதன் ரிப்பேர் கட்டளையை ஓட்டாதீர்கள், உருவாக்குநர் சொல்லாமல் ஓட்டாதே என்று அந்தக் கட்டளையே எச்சரிக்கும். மூன்றாவது, தரவுத்தளங்களை அதில் வைக்காதீர்கள். ஒரே கோப்பின் நடுவில் துண்டுதுண்டாகத் திரும்பத் திரும்ப எழுதும் போஸ்ட்கிரெஸ் போன்றவை, பழையதன் மேல் எழுதாமல் வேறிடத்தில் நகலெடுத்து எழுதும் கோப்பு முறைமையில் சிதறிப்போகும். அதைத் தவிர்க்க அந்தக் கோப்புறைக்கு மட்டும் நகலெடுத்து எழுதுதலை நிறுத்தலாம் என்று வழிகாட்டிகள் சொல்லும், ஆனால் அப்படி நிறுத்தினால் செக்சமும் சேர்ந்து நின்றுவிடும் என்பதைப் பல வழிகாட்டிகள் சொல்லாமல் விட்டுவிடுகின்றன. உங்களிடம் எஸ்எஸ்டி இருக்கிறது. தரவுத்தளங்களை அதில் இஎக்ஸ்டி4-இல் வைத்து, அன்றாட டம்ப்பை மட்டும் பெரிய வட்டுக்கு எழுத விடுங்கள்.

பிகேஷ்எஃப்எஸ் பற்றிய செய்தியின் பின்னணி சுருக்கமாக இது. கென்ட் ஓவர்ஸ்ட்ரீட் பல ஆண்டுகள் தனியாக வளர்த்த அந்தக் கோப்பு முறைமை 2024 ஜனவரியில் வெளியான கெர்னல் 6.7-இல் சேர்ந்தது. கெர்னலில் புதிய வசதிகளை முதல் இரண்டு வாரங்களில் மட்டுமே சேர்க்கலாம், அதற்குப் பின் திருத்தங்கள் மட்டுமே என்பது வழக்கம். பயனர்களின் தரவை மீட்க உடனடியாகத் தேவை என்று கருதியவற்றை அந்தக் காலம் கடந்த பிறகும் ஓவர்ஸ்ட்ரீட் அனுப்பிவந்தார், கெர்னலின் தலைவரான லைனஸ் டோர்வால்ட்ஸுடனான மோதல் பலமுறை வெடித்தது. 2025 ஜூனில் 6.16-க்கான சோதனைக் கட்டத்தில் ஒரு புதிய மீட்பு வசதியை அனுப்பியபோது, இனி நம் வழிகள் பிரியும் என்ற பொருளில் டோர்வால்ட்ஸ் எழுதினார். 6.17-இல் அது வெளியே பராமரிக்கப்படுவது என்று குறிக்கப்பட்டது, 6.18-இல் நிரலே நீக்கப்பட்டது. இப்போது அது டிகேஎம்எஸ் மாட்யூலாகக் கிடைக்கிறது. டெபியனில் அதன் கருவித் தொகுப்பைப் பராமரித்தவர் 2024-லேயே அதை விட்டுவிட்டார்.

இதில் தொழில்நுட்பக் குறைபாடு முதன்மைக் காரணமாக இல்லை என்பதைக் கவனியுங்கள். வடிவமைப்பைப் பார்த்தால் நல்ல கோப்பு முறைமைதான். ஆனால் ஒரே ஒருவர் தாங்கி நிற்கும் கோப்பு முறைமையில் பத்து ஆண்டுகளுக்கான தரவை வைப்பது என்ன மாதிரியான அபாயம் என்பது 2025-இல் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ரெய்சர்எஃப்எஸ் என்ற பழைய கோப்பு முறைமையையும் கெர்னல் நீக்கியது, ஆனால் 2022-இல் அறிவித்து 2025-இல் வந்த 6.13-இல்தான் நீக்கினார்கள், பயனர்களுக்கு மாற்றிக்கொள்ள ஏறக்குறைய மூன்று வருடம் கிடைத்தது. பிகேஷ்எஃப்எஸ் பயனர்களுக்குக் கிடைத்தது சில மாதங்கள். பரிசோதனைக்கு ஒரு பழைய வட்டில் போட்டுப் பாருங்கள், தடையில்லை.

முதிர்ந்தது என்ற பெயர் மட்டும் காப்பாற்றும் என்றும் எண்ண வேண்டாம். 2023 நவம்பரில், ஓப்பன்இசட்எஃப்எஸ் 2.2.0 வெளியான சில வாரங்களில், ஜென்டூ லினக்ஸ் பயனர்கள் சிலர் நகலெடுத்த கோப்புகளின் நடுவில் சுழியங்கள் நிறைந்த துண்டுகளைக் கண்டார்கள். ஒரே தரவை இரு கோப்புகள் பகிர்ந்துகொள்ள விடும், புதிதாக வந்த பிளாக் குளோனிங் வசதியின் மேல்தான் முதலில் சந்தேகம் விழுந்தது, அதை 2.2.1-இல் நிறுத்தி வைத்தார்கள். தோண்டிப் பார்த்தால் வேர் அதைவிடப் பழையது: ஒரு கோப்பில் இன்னும் வட்டுக்குப் போகாத மாற்றங்கள் இருக்கின்றனவா என்று பார்க்கும் சோதனை அரிதான ஒரு நேரப்பொருத்தத்தில் தவறிவிடும், அந்த நொடியில் நகலெடுக்கும் கருவி அங்கே வெற்றிடம் இருப்பதாக எண்ணிச் சுழியங்களை எழுதிவிடும். நவம்பர் 30 அன்று 2.2.2, 2.1.14 பதிப்புகளில் திருத்தினார்கள். வீட்டில் இந்தப் பிழை உங்களைத் தாக்கியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் செக்சம் இங்கே எந்த வகையிலும் உதவவில்லை, ஏனென்றால் தவறாகப் படித்த தரவை முறையாக எழுதி, அதற்குச் சரியான செக்சமும் போட்டு வைத்தது இசட்எஃப்எஸ்தான்.

அதனால்தான் இரண்டாவது பிரதியை வேறு மென்பொருளில் வைக்கச் சொல்கிறேன். பட்டர்எஃப்எஸ்ஸின் சென்ட் கட்டளையால் ஸ்னாப்ஷாட்டுகளை இன்னொரு பட்டர்எஃப்எஸ் வட்டுக்கு அனுப்புவது வேகமானது, அழகானது, ஆனால் இரண்டு பக்கமும் ஒரே நிரலை நம்பி நிற்கும். வெளி வட்டை இஎக்ஸ்டி4-ஆக வைத்து, அதில் ரெஸ்டிக் என்ற பேக்கப் கருவியின் களஞ்சியம் ஒன்றை உருவாக்குங்கள். ரெஸ்டிக் ஒவ்வொரு துண்டையும் அதன் எஸ்எச்ஏ-256 மதிப்பால் அடையாளம் காண்பதால், அடியில் உள்ள இஎக்ஸ்டி4-இல் செக்சம் இல்லாதது இங்கே குறையில்லை. எல்லாமே மறையாக்கப்பட்டு இருப்பதால் வட்டு உறவினர் வீட்டில் இருந்தாலும், பழுதாகி ரிப்பேர் கடைக்குப் போனாலும் கவலையில்லை. கடவுச்சொல்லைத் தொலைத்தால் உங்களுக்கும் அது வெறும் இரைச்சல்தான், ஆகவே அதைக் காகிதத்தில் எழுதி வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். சர்வரிலேயே சேமித்து வைத்தால் சர்வர் போகும்போது அதுவும் போய்விடும்.

உங்களிடம் இரண்டு டிபி தரவு இருந்தால், அதை 50 எம்பிபிஎஸ் பதிவேற்ற வேகத்தில் இணையம் வழியே அனுப்பினால் ஏறக்குறைய நான்கு நாளாகும். முதல் பேக்கப்பை வட்டை சர்வரிலேயே செருகி எடுத்துவிட்டு, அதன் பிறகு வெளியே கொண்டுபோங்கள். உறவினர் வீட்டில் ராஸ்ப்பெர்ரி பை எனும் சிறு கணினியிலோ பழைய லேப்டாப்பிலோ அதை இணைத்து, வயர்கார்டு எனும் மறையாக்கப்பட்ட இணைப்பு வழியாக இரவில் புதியவை மட்டும் போகும்படி செய்யலாம். அங்கே ரெஸ்டிக்கின் சொந்த சர்வரை, சேர்க்க மட்டும் அனுமதிக்கும் முறையில் ஓட்டுங்கள். அப்போது உங்கள் சர்வருக்குள் யாராவது புகுந்தாலும் அங்கிருந்து பழைய பேக்கப்புகளை அழிக்க முடியாது. இந்த ஏற்பாடெல்லாம் அதிகம் என்று தோன்றினால், மாதம் ஒருமுறை வட்டை வாங்கிவந்து செருகி எடுத்து, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒரு மாதப் படங்கள் போகலாம், பத்து வருடப் படங்கள் போகாது.

புகைப்படங்களுக்கு இம்மிச் என்ற புகைப்பட மென்பொருளைப் பயன்படுத்தப்போகிறீர்கள் என்றால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். படங்கள் ஒரு இடத்திலும், ஆல்பங்கள், முகப்பெயர்கள், பகிர்வுகள் எல்லாம் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்திலும் இருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தின் கோப்புகளை அப்படியே நகலெடுத்தால், பாதி எழுதிய நிலையில் மாட்டிக்கொள்ளும். இம்மிச் தானாகவே இரவில் தரவுத்தள டம்ப் ஒன்றைப் பதிவேற்றக் கோப்புறைக்குள் பேக்கப்ஸ் என்ற துணைக் கோப்புறையில் எழுதுகிறது, அந்த முழுக் கோப்புறையையும் ரெஸ்டிக் எடுத்துக்கொண்டால் இரண்டும் சேர்ந்து வரும்.

ரெஸ்டிக்கின் செக் கட்டளை இயல்பாகக் களஞ்சியத்தின் கட்டமைப்பை மட்டுமே பார்க்கும், உள்ளே உள்ள தரவைப் படிக்காது. ஒவ்வொரு மாதமும் பத்தில் ஒரு பங்கைப் படித்துச் சரிபார்க்கச் சொல்லும் விருப்பத்தோடு அதை ஓட்டுங்கள். அதோடு, வருடத்துக்கு இரண்டுமுறையாவது வேறொரு கணினியில், சர்வரின் உதவி இல்லாமல், காகிதத்தில் உள்ள கடவுச்சொல்லை மட்டும் வைத்து ஒரு கோப்புறையை மீட்டுப் பாருங்கள். பேக்கப் தோற்றால் உங்களுக்குச் செய்தி வருமாறு எல்லோரும் அமைப்பார்கள். கிட்லேப் கதையில் அந்தச் செய்தியே வரவில்லை, ஆகவே வெற்றி பெற்றால் செய்தி அனுப்பி, இரண்டு நாள் செய்தி வராவிட்டால் வெளியே உள்ள ஒரு சேவை உங்களை எழுப்பும்படி அமைப்பதே மேல்.

வட்டுகளைப் பற்றி. அட்டைப் பெட்டியில் உள்ள மாதிரி எண்ணைப் பார்த்து, அது தடங்கள் தனித்தனியாக உள்ள சிஎம்ஆரா அல்லது எஸ்எம்ஆரா என்று உற்பத்தியாளரின் பட்டியலில் தேடுங்கள். எஸ்எம்ஆரில் காந்தத் தடங்கள் கூரை ஓடுகளைப்போல ஒன்றின் மேல் ஒன்று ஏறி இருக்கும், நடுவில் ஒன்றை மாற்றி எழுத வேண்டுமானால் அடுத்தடுத்தவற்றையும் திரும்ப எழுத வேண்டும். தொடர்ந்து எழுதினால் வேகம் தரைக்கு வந்துவிடும். 2020-இல் வெஸ்டர்ன் டிஜிட்டல், நாஸுக்கென்றே விற்ற ரெட் வரிசையின் 2 முதல் 6 டிபி வரையிலான சில வட்டுகளில் சொல்லாமல் எஸ்எம்ஆரைப் புகுத்தியது அம்பலமாகி, இசட்எஃப்எஸ் பயனர்கள் வட்டை மாற்றும்போது மறுகட்டமைப்பு தோற்றதைக் காட்டினார்கள், நிறுவனம் பிறகு சிஎம்ஆர் வட்டுகளுக்கு ரெட் பிளஸ் என்று தனிப்பெயர் வைத்தது. சீகேட்டின் 4 டிபி பாரகுடாவும் எஸ்எம்ஆர்தான், அதன் அயர்ன்வுல்ஃப் சிஎம்ஆர். உங்கள் இரண்டில் ஒன்று எஸ்எம்ஆர் என்றால் அதைத் திருப்பிக் கொடுக்க ஓட வேண்டாம், அதையே வெளி வட்டாக்குங்கள், இரவில் கொஞ்சம் எழுதி மற்ற நேரம் சும்மா இருக்கும் பேக்கப் வேலைக்கு அது போதும்.

தரவை ஏற்றும் முன் இரண்டையும், வட்டின் உடல்நிலையைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையின் நீண்ட சோதனைக்கு உட்படுத்துங்கள், 4 டிபிக்கு ஏழெட்டு மணி நேரம் ஆகும். அதன் பிறகு வெளியீட்டில் 5, 197, 199 ஆகிய மூன்று எண்களைப் பாருங்கள். 5 என்பது மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்கள், 197 என்பது படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருப்பவை. புதிய வட்டில் இவை இரண்டும் சுழியமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கடைக்காரர் என்ன சமாதானம் சொன்னாலும் மாற்றி வாங்குங்கள். 199 என்பது வட்டுக்கும் கணினிக்கும் இடையிலான பரிமாற்றப் பிழைகள், அது ஏறினால் வட்டைத் திட்டாதீர்கள், பெரும்பாலும் சாட்டா கேபிள்தான் காரணம். கேபிளை மாற்றினாலும் அந்த எண் குறையாது, மேலும் ஏறாமல் இருக்கிறதா என்பதுதான் கணக்கு.

மின்சாரம் பற்றிய உங்கள் எண்ணத்தில் எனக்கு உடன்பாடில்லை. நம் வீட்டு இன்வெர்ட்டர்கள் பலவற்றின் முன்பக்கமோ பின்பக்கமோ யுபிஎஸ் முறை, சாதாரண முறை என்று ஒரு சிறிய சுவிட்ச் இருக்கும். சாதாரண முறையில் மின்விசிறியும் விளக்கும் உணராத இடைவெளியில் கணினி ஒருமுறை அணைந்து எழும். முதலில் அதைப் பாருங்கள். அது சரியாக இருந்தாலும், நெடுநேர மின்வெட்டில் இன்வெர்ட்டரின் பேட்டரி தீரும்போது அது சர்வரிடம் எதுவும் சொல்லாது, சட்டென்று நிறுத்திவிடும். பட்டர்எஃப்எஸ் பழைய நிலையை அழிக்காமல் புதியதை வேறிடத்தில் எழுதிவிட்டு, கடைசியில்தான் தலைப்பை மாற்றுகிறது, ஆகவே கோட்பாட்டளவில் எந்த நொடியில் மின்சாரம் போனாலும் முந்தைய நிலை முழுதாக இருக்க வேண்டும். எழுதிவிட்டேன் என்று வட்டு சொல்லும்போது உண்மையாகவே எழுதியிருந்தால் மட்டுமே இது பொருந்தும், மலிவான யுஎஸ்பி-சாட்டா இணைப்பிகளில் சில அந்த விஷயத்தில் பொய் சொல்கின்றன. சர்வர் வட்டைத் தாய்ப்பலகையின் சாட்டா துளையிலேயே இணைத்து, யுஎஸ்பி இணைப்பு உள்ள சிறிய யுபிஎஸ் ஒன்றை இன்வெர்ட்டருக்கும் சர்வருக்கும் இடையில் வைத்து, நெட்வொர்க் யுபிஎஸ் டூல்ஸ் தொகுப்பை நிறுவுங்கள். பேட்டரி குறையும்போது சர்வர் தானே முறையாக அணையும். இன்வெர்ட்டர் தரும் அலைவடிவம் தூய சைன் அலையாக இல்லையென்றால் சில யுபிஎஸ்கள் அதை ஏற்காமல் பேட்டரிக்கே போய்விடும், வாங்கும் முன் கடையில் இதைக் கேளுங்கள்.

மூன்றாவது வட்டு வரும்போது எதையும் அழிக்க வேண்டியதில்லை. பட்டர்எஃப்எஸ்ஸில் புதிய வட்டைச் சேர்த்து, பேலன்ஸ் கட்டளையில் தரவையும் உள்கணக்குகளையும் ரெய்டு 1-ஆக மாற்றச் சொன்னால், சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே மிரர் உருவாகிவிடும், தரவின் அளவைப் பொறுத்து ஒரு இரவோ ஒரு நாளோ பிடிக்கும். அதன் பிறகு எல்லாத் தரவையும் படித்துச் சரிபார்க்கும் மாதாந்தர ஸ்க்ரப்பில் ஒரு வட்டில் செக்சம் பொருந்தாவிட்டால் மற்றொன்றிலிருந்து தானே திருத்திக்கொள்ளும். ஒரு வட்டு செத்துவிட்டால், வட்டு குறைந்தாலும் ஓட அனுமதிக்கும் டிகிரேடட் என்ற விருப்பத்தைக் கொடுக்காமல் பட்டர்எஃப்எஸ் அந்தக் கோப்பு முறைமையை மவுன்ட் செய்ய, அதாவது பயன்பாட்டுக்குத் திறக்க, மறுக்கும், இயங்குதளம் எழும்போதே மவுன்ட் செய்யும்படி பட்டியலில் போட்டிருந்தால் சர்வர் அவசரநிலைத் திரையில் நின்றுவிடும். தரவு வட்டின் வரியில் நோஃபெயில் விருப்பத்தைச் சேர்த்துவிட்டால் இயங்குதளம் எழுந்துவிடும், எஸ்எஸ்எச் எனும் தொலை இணைப்பு வழியாக உள்ளே போய் மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம். சிலர் டிகிரேடட் விருப்பத்தையே நிரந்தரமாக அந்த வரியில் எழுதி வைக்கிறார்கள். அது வேண்டாம், ஒரு தளர்ந்த கேபிள் காரணமாக ஒரு வட்டு ஒருநாள் தாமதமாகத் தெரிந்தால்கூட, மிரர் உங்களுக்குத் தெரியாமலே ஒற்றை வட்டில் எழுதத் தொடங்கிவிடும்.